பிளக்கைக் கழற்றிய பிறகும் பழைய டிவி ஷாக் அடிப்பது ஏன்?

படக்குழாய் வைத்த டிவியைப் பழுதுபார்க்கத் திறப்பவர்களுக்கு எழும் கேள்வி இது. அந்தக் குழாயே மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் பாத்திரம் என்பதுதான் பதில்.

குழாய்க் கண்ணாடியின் உள்ளும் புறமும் மின்சாரம் கடத்தும் பூச்சு இருக்கிறது. இரண்டு கடத்திகளுக்கு நடுவே கடத்தாத பொருள் இருந்தால் அது மின்தேக்கி, அதாவது கெபாசிட்டர். கலர் டிவியில் உள்பூச்சுக்கு ஏறக்குறைய 20,000 முதல் 30,000 வோல்ட் வரை போகிறது. மோட்டாரை நிறுத்தியதும் மாடித் தொட்டித் தண்ணீர் காலியாகிவிடுகிறதா என்ன?

குழாயில் தேங்கிய இந்த மின்சாரத்தை இறக்குவதற்கு, உயர் மின்னழுத்தம் தாங்கும் கைப்பிடி கொண்ட நீண்ட ஸ்க்ரூடிரைவர் வேண்டும். முதலில் அதன் தண்டை ஒரு வயரால், குழாயின் முதுகை ஒட்டிக் கிடக்கும் பின்னல் கம்பியோடு இணைக்க வேண்டும். பிறகு தடித்த வயர் குழாயில் போய்ச் சேரும் ரப்பர் மூடிக்கு அடியில் நுனியை மெல்ல நுழைக்க வேண்டும். ‘டப்’ என்று சத்தம் வரலாம், வராமலும் போகலாம். மற்றொரு கை உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். இரு கையும் பட்டால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் பாயும். பின்னல் கம்பியை விட்டுவிட்டு சர்க்யூட் போர்டில் இணைத்தால் அதிலுள்ள ஐசி, அதாவது சிப், போய்விடக்கூடும்.

பவர் சப்ளையின் பெரிய கெபாசிட்டர் தனி ஆபத்து. வோல்ட் அளக்கும் கருவியான மல்டிமீட்டரால் பார்க்காமல் தொடக்கூடாது.

ஒருமுறை இறக்கினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கண்ணாடியில் ஊறிய மின்னூட்டம் சில நிமிடங்களில் மீண்டும் தலைகாட்டும் என்பதால், மூடியைக் கழற்றுமுன் இன்னொரு முறை இறக்க வேண்டும்.