தாடி ஓணானுக்குத் தீனி வாங்க நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. நான் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறேன். சம்பளம் 11,500 ரூபாய். கணவர் அறுவடை இயந்திரம் ஓட்டுகிறார். குறுவை, சம்பா அறுப்பு நாட்களில் கையில் பணம் புழங்கும். மற்ற மாதங்களில் நிச்சயமில்லை. என் தம்பி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனபோது, தான் வளர்த்த ‘பியர்டட் டிராகன்’ என்னும் தாடி ஓணானை என் மகனிடம் விட்டுச் சென்றான். அதற்கு இரண்டு வயது. வந்தபோது 310 கிராம் இருந்தது. ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து மெலிந்துகொண்டே வந்து, இப்போது 215 கிராம்தான் இருக்கிறது. இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு தெரிகிறது. மாதம் டப்பா தீனிக்கு 960 ரூபாய், கூரியரில் வரும் பூச்சிக்கு 900, சத்துச் சொட்டு மருந்துக்கு 350 ரூபாய் செலவழிக்கிறேன். பூச்சியில் பாதி செத்தே வந்து சேருகிறது. கரண்ட் பில்லுக்குப் பயந்து, 40 வாட் குண்டு பல்பை மாலையில் நான்கு மணி நேரம் மட்டும் போடுகிறோம். தம்பி கொடுத்த யுவிபி (புற ஊதாக் கதிர்) விளக்கு இரண்டு ஆண்டாக எரிகிறது. கடைக்காரர், தொட்டி முதல் எல்லாம் சேர்த்து முழு செட்டாக 18,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். ஒரு பவுன் சங்கிலியை இரண்டு வட்டிக்கு அடகு வைத்து வாங்கிவிடலாமா? வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டாயே என்று மாமியார் தினமும் சொல்கிறார். எட்டாவது படிக்கும் மகன் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுகிறான்.

பதில்: சங்கிலி உங்கள் கழுத்திலேயே இருக்கட்டும், சகோதரி. இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மாமியார் மீது வருத்தப்படாதீர்கள். வருமானம் இறங்கியிருக்கும் மாதத்தில் சம்பளத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஓர் ஓணானுக்குப் போகிறது என்றால், குடும்பத்தில் ஒருவராவது கேட்கத்தான் வேண்டும். ஆனால் உங்கள் வீட்டில் இருப்பது வேலியில் போன ஓணான் அல்ல. மனிதர் கொடுத்ததைத் தவிர வேறு எதையும் தேடித் தின்ன முடியாமல் பெட்டிக்குள் இருக்கும் உயிர். அதைக் காப்பாற்ற நினைக்கும் பிள்ளையின் மனது பெரியது. இரண்டையும் விட்டுவிடாமல் கணக்கைச் சரிசெய்ய வழி இருக்கிறது.

என் சிறுவயதில் எங்கள் வீட்டுக் கன்றுக்குட்டி ஒன்று எலும்பும் தோலுமாக ஆனது. அப்பா கடன் வாங்கிக் கடலைப் புண்ணாக்கும் பருத்திக்கொட்டையுமாகப் போட்டார். தொட்டி காலியாகும், கன்று தேறாது. வந்து பார்த்த கால்நடை மருத்துவர் தீனியைப் பற்றி ஒன்றுமே பேசவில்லை, சாணியைத்தான் பார்த்தார். குடற்புழு. மருந்து கொடுத்த அடுத்த மாதமே கன்றின் முதுகு நிரம்பத் தொடங்கியது. அதுவரை அப்பா போட்ட புண்ணாக்கெல்லாம் புழுவுக்குத்தான் போயிருந்தது.

கடைமடை வயல் உங்களுக்குத் தெரிந்ததுதான். இடையில் வாய்க்கால் தூர்ந்து கிடந்தால், கல்லணையில் எவ்வளவு திறந்துவிட்டாலும் கடைசி வயலுக்குத் தண்ணீர் வராது. உங்கள் ஓணானின் உடம்பு இப்போது கடைமடையாகக் கிடக்கிறது. நீங்கள் தீனியைக் கூட்டிக்கொண்டே போகிறீர்கள். அது வழியிலேயே நின்றுவிடுகிறது. எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் ஒருவரிடம் உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். பிராணியைப் பற்றிக் கீழே எழுதியிருப்பது அவர் சொன்னது. பணக் கணக்கு என்னுடையது.

அவர் கேட்ட முதல் கேள்வி சூட்டைப் பற்றியது. இது ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பிராணி. நம்மைப்போல் உடம்புக்குள்ளிருந்து சூடு எடுத்துக்கொள்ளாது. வெளியிலிருந்து வர வேண்டும். வெயில் காயும் இடம் 38 முதல் 42 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால்தான் தின்றது செரிக்கும். பெட்டியின் மறுபக்கம் 25, 28 என்று குளிர்ச்சியாக இருக்க வேண்டும். பகல் முழுவதும், பத்து மணி நேரமாவது அந்தச் சூடு வேண்டும். மழை நாளில் ஈரம் கோத்த வீட்டில், மாலை நான்கு மணி நேரம் எரியும் 40 வாட் பல்பு எந்த மூலைக்கு? பசி எடுக்காது, எடுத்துத் தின்றாலும் வயிற்றிலேயே கிடக்கும். மழை பிடித்த நாளிலிருந்து மெலிகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

கரண்ட் பில்லுக்குத்தானே பயந்தீர்கள்? கணக்குப் போடுவோம். 75 வாட் விளக்கு பத்து மணி நேரம் எரிந்தால் நாளுக்கு முக்கால் யூனிட், இரண்டு மாதத்துக்கு 45 யூனிட். 24 வாட் யுவிபி குழல்விளக்கும் சேர்ந்தால் மொத்தம் சுமார் 60 யூனிட். இலவச யூனிட்டை உங்கள் வீடு ஏற்கெனவே தாண்டிவிட்டது என்றே வைத்துக்கொண்டாலும், இரண்டு மாதத்துக்குக் கூடுதலாகச் சுமார் 300 ரூபாய்தான் ஆகும். மாதம் 150. இந்த 150 ரூபாயை மிச்சப்படுத்தப் போய், செரிக்காத தீனிக்கும் சொட்டு மருந்துக்கும் மாதம் 2,210 ரூபாய் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். சிக்கனம் பிடிக்க வேண்டிய இடமும் செலவழிக்க வேண்டிய இடமும் இடம் மாறிப்போய்விட்டன. உங்களைக் குறை சொல்லவில்லை. டப்பாவில் அச்சடித்திருப்பதை நம்பாதவர் யார்?

யுவிபி விளக்கிலும் இதே கதைதான். கண்ணுக்கு வெளிச்சம் தெரிந்தாலும், உள்ளிருந்து வரும் புற ஊதாக் கதிர் ஓராண்டில் மிகவும் குறைந்துவிடும். அந்தக் கதிர் இல்லாமல் ஓணானின் உடம்பு சுண்ணாம்புச் சத்தை எடுத்துக்கொள்ளாது; எலும்பு மெத்தென்று ஆகிவிடும். புது விளக்கின் விலை 1,800 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அதைப் பன்னிரண்டாகப் பிரித்து மாதம் 150 எடுத்து வையுங்கள். ஆண்டுக்கு ஒரு விளக்கு தானாக வந்துவிடும். இந்த முதல் விளக்கை மட்டும் தம்பியிடம் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம். இந்தப் பிராணியை வீட்டில் வளர்க்க சிங்கப்பூரில் அனுமதி இல்லாததால், அவர் கொண்டுபோயிருக்கவும் முடியாது. அன்போடு விட்டுச் சென்றவருக்குப் பங்கெடுக்கவும் ஆசை இருக்கும். மாதாமாதம் அனுப்பு என்றால் இரண்டு மாதத்தில் நின்றுவிடும். ஒரே தடவை, இந்தப் பொருள், இந்த விலை என்று கேளுங்கள்.

இரண்டாவது மருத்துவர். எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போயிருக்கிறது. இந்த வாரமே காட்ட வேண்டும். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, உங்களுக்குப் பக்கம். ஊர்வன பார்ப்பவர் எந்த நாளில் இருப்பார் என்று தொலைபேசியில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். பஸ் செலவும் ஒரு நாள் சம்பளமும் வீணாகக் கூடாது. அன்று காலை போட்ட எச்சத்தைச் சுத்தமான சிறு டப்பாவில் எடுத்துச் செல்லுங்கள். நுண்ணோக்கியில் பார்த்தால் ஊசிப்புழுவா, காக்சிடியா என்னும் குடல் ஒட்டுண்ணியா என்று தெரிந்துவிடும். ஆட்டுக்குக் கொடுக்கும் குடற்புழு மருந்தை அளவு குறைத்து வீட்டிலேயே ஊற்றிப் பார்க்க வேண்டாம். கால் நடுங்கினாலோ, தாடை மெத்தென்று இருந்தாலோ, எழுந்து நிற்க முடியாமல் கிடந்தாலோ நாள் பார்க்காதீர்கள். சுய உதவிக் குழுவில் கைமாற்று வாங்கியாவது அன்றே போங்கள். கடன் வாங்கச் சொல்வது இந்த ஓர் இடத்துக்கு மட்டும்தான்.

இப்போது அந்த 18,000 ரூபாய் செட். கண்ணாடித் தொட்டி, இரவு ஹீட்டர், சூடாகும் கல், வண்ண மணல், யுவிபி விளக்கு என்று வழக்கமாக வைத்துத் தருவார்கள். நம் ஊரில் மார்கழி இரவுகூட இந்தப் பிராணிக்குத் தாங்கும் குளிர்தான். இரவு ஹீட்டர் தேவையில்லை. சூடாகும் கல் வயிற்றைச் சுட்டுவிடும். மணலைத் தீனியோடு விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும். பழைய செய்தித்தாளை விரித்தால் போதும், தினமும் மாற்றவும் எளிது. தொட்டி ஏற்கெனவே இருக்கிறது. மிஞ்சுவது விளக்கு ஒன்றுதான். 18,000 ரூபாய்க்கு இரண்டு வட்டி என்றால் மாதம் 360, ஆண்டுக்கு 4,320 ரூபாய். அந்த வட்டிப் பணத்திலேயே இரண்டு விளக்கு வாங்கிவிடலாம், அசலைத் தொடாமல்.

தீனிக்கு வருகிறேன். வளர்ந்த தாடி ஓணானுக்குப் பெரும்பகுதி இலையும் காயும்தான். பூச்சி அதற்கு அடுத்தது. உங்கள் கொல்லையிலேயே பாதி இருக்கும். செம்பருத்தி இலையும் பூவும், முருங்கை இளந்தழை, துருவிய பரங்கிக்காய், பரங்கிப் பூ, பொடியாக நறுக்கிய வெண்டைக்காய், எப்போதாவது ஒரு துண்டு பப்பாளி என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். பாலக், பசலை வேண்டாம்; அவற்றில் உள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சிறுகீரை, அரைக்கீரையையும் அன்றாடம் கொடுக்காதீர்கள். அவகேடோ நஞ்சு. சோறு, பருப்பு எதுவும் வேண்டாம்.

உங்கள் மகன் வயலில் வெட்டுக்கிளி பிடித்து வந்து போடுகிறானா என்று நீங்கள் எழுதவில்லை. பிடித்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். சம்பா பயிருக்குக் குருத்துப்பூச்சிக்கும் இலைச்சுருட்டுப் புழுவுக்கும் மருந்து அடிக்கும் காலம் இது; சொந்த வயலில் அடிக்காவிட்டாலும் பக்கத்து வயலில் அடித்திருப்பார்கள். இன்னொன்று: மின்மினி. இதைத் தின்று தாடி ஓணான்கள் செத்தது அமெரிக்காவில் பதிவாகியிருக்கிறது. ஒரு பூச்சியே போதும் உயிரை எடுக்க. விளக்கடியில் விழும் பூச்சியைப் பொறுக்கிப் போடும் பழக்கம் இருந்தால் அதுவும் ஆபத்துதான்.

பூச்சியைக் கூரியரில் வாங்குவதை நிறுத்துங்கள். பாதி செத்து வருகிறது என்றால் 900 ரூபாய் கொடுத்து 450 ரூபாய்ப் பொருள் வாங்குகிறீர்கள். தஞ்சாவூரில் பறவை, அலங்கார மீன் விற்கும் கடைகளில் உயிருள்ள மீல்வார்ம் (ஒரு வகை வண்டின் புழு) கிடைக்கிறதா என்று கேட்டு, கண்ணால் பார்த்து வாங்குங்கள். அதில் ஒரு பிடியை வளர்ப்புக்கு ஒதுக்குங்கள். அகலமான பிளாஸ்டிக் டப்பா, மூடியில் ஓட்டை, மூன்று விரல் உயரத்துக்குக் கோதுமைத் தவிடு, ஈரத்துக்கு ஒரு கேரட் துண்டு. ரைஸ்மில் தவிடு சும்மாவே கிடைக்கிறதே என்று நினைப்பீர்கள். அது சில நாட்களில் சிக்கு வாடை அடித்துக் கெட்டுவிடும், வேண்டாம். புழு கூட்டுப்புழுவாகி, வண்டாகி, முட்டையிட்டு, அடுத்த தலைமுறை தீனிக்கு ஆக மூன்று மாதமாவது பிடிக்கும். அதுவரை வாங்கத்தான் வேண்டும். இதையும் கணக்கில் சேர்த்திருக்கிறேன். மீல்வார்மில் கொழுப்பு அதிகம், அதன் மேலோடும் கெட்டி. எனவே சுவர்க்கோழி கிடைக்கும்போது அதை வாங்குங்கள். ஓணானின் இரு கண்களுக்கு இடையே உள்ள அகலத்தைவிடப் பெரிய பூச்சியைப் போடக் கூடாது. போடுவதற்கு முந்தின நாள் பூச்சிக்கு நல்ல கீரையும் கேரட்டும் தின்னக் கொடுங்கள். அந்தச் சத்துதான் ஓணானுக்குப் போய்ச் சேரும்.

சுண்ணாம்புச் சத்துக்கு விலை உயர்ந்த டப்பா வேண்டாம். நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று கேட்டால் கணவாய் ஓட்டைத்தான் கொடுப்பார்கள். பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். உப்புப் போகத் தண்ணீரில் ஊறவைத்து, இரண்டு மூன்று முறை நீர் மாற்றி, நன்றாகக் காயவைத்துக் கத்தியால் சுரண்டினால் மைதா போலப் பொடி உதிரும். பூச்சியை ஒரு கிண்ணத்தில் போட்டு ஒரு சிட்டிகை தூவி, விபூதி பூசினது போல வெள்ளையாகும்வரை குலுக்கிக் கொடுங்கள். எத்தனை நாளுக்கு ஒருமுறை, வைட்டமின் டி வேறு தேவையா என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். மனிதர் சாப்பிடும் கால்சிய மாத்திரையை இடித்துப் போடாதீர்கள். அதில் உள்ள டி அளவு மீறினால் அதுவே கெடுதல்.

மெலிந்த உடம்பில் ஒரே நாளில் நிறையத் திணிக்கக் கூடாது. முதலில் சூடு, பிறகு தண்ணீர், பிறகு சிறிது சிறிதாகத் தீனி. மழை விட்ட நாளில் காலை வெயிலில் அரை மணி நேரம் கம்பிக்கூடையில், பாதி நிழலாக வையுங்கள். நேர் வெயிலில் அந்தப் புற ஊதாக் கதிர் காசில்லாமல் கிடைக்கிறது. கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைக்காதீர்கள், வெந்துவிடும். காக்கைக்கும் பூனைக்கும் காவலாக யாராவது பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். மகனுக்கு இதைவிடப் பிடித்த வேலை இருக்காது.

இனி மாதக் கணக்கு. மின்சாரம் 150, விளக்குச் சேமிப்பு 150, பூச்சி 350, காய்க்கு 100, மருத்துவத்துக்கு எடுத்துவைப்பது 250. ஆக 1,000 ரூபாய். இதுவே உச்சவரம்பு. இப்போது செலவாகும் 2,210-ல் 1,210 ரூபாய் மிச்சம். முதல் இரண்டு மாதம் அந்த மிச்சம் மருத்துவச் செலவுக்கும் புதிய பல்புக்கும் வெப்பமானிக்கும் போகட்டும். அதன் பிறகு வீட்டுக்குத் திரும்ப வந்துவிடும். தை, மாசியில் கணவருக்கு அறுப்புப் பணம் வந்ததும் ஆறு மாதத்துக்கான 6,000 ரூபாயை அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் தனியாகப் போட்டுவிடுங்கள். குறுவை அறுப்புவரை வீட்டுச் சாமான் பணத்தைத் தொட வேண்டியிருக்காது. மாமியாரிடமும் இந்த 1,000 ரூபாய்க் கணக்கை எழுதிக் காட்டுங்கள். எவ்வளவு போகிறது என்று தெரியாமல் இருப்பதுதான் பெரியவர்களுக்குப் பயம்.

ஒரு வேலை பாக்கி. இது வெளிநாட்டுப் பிராணி. திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்கள் பதிவு செய்ய வேண்டும். உங்கள் பிராணிக்குப் பதிவு தேவையா என்று மாவட்ட வன அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுவிடுங்கள். தம்பி வாங்கிய ரசீது இருந்தால் அனுப்பச் சொல்லிப் பத்திரப்படுத்துங்கள். ஒருவேளை வளர்க்க முடியாத நிலை வந்தால், மருத்துவர் மூலமாகப் பொறுப்பான வேறொருவரிடம் கொடுங்கள். கொல்லையில் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

மகனுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுங்கள். ஞாயிறுதோறும் காலையில், தீனி போடுவதற்கு முன், அதே தராசில் எடை பார்த்து எழுதட்டும். எதிர்ப்பக்கத்தில் அந்த வாரச் செலவு. நான்கு ஞாயிறு முடிந்ததும் அந்தப் பக்கங்களை எனக்கு அனுப்பி வையுங்கள். எடை ஏறாமல் இருந்தால் எந்தத் தொகையை எங்கே மாற்றுவது என்று சேர்ந்து பார்ப்போம்.