‘சம்பவம் நடந்துபோச்சு’ என்று எழுதினால் போதுமா?

கேள்வி: என் அண்ணன் கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்று, முன்விடுதலையில் போன வருடம் புழலிலிருந்து வந்தார். உள்ளே இருந்தபோது 200 பக்க நோட்டில் மூன்று நோட்டு எழுதியிருக்கிறார். புத்தகமாகப் போட ஒருவர் கேட்கிறார். ஜெயில் பக்கங்களைப் படித்தால் அழுகை வருகிறது. ஆனால் அந்த ராத்திரிக்கு முக்கால் பக்கம்தான். ‘வாய்த்தகராறு முத்தி சம்பவம் நடந்துபோச்சு’ என்று முடித்துவிட்டார். தகராறில் இறந்துபோனவரின் மனைவி இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார். அவர்கள் பெயரைப் போடலாமா? கேஸ் வருமா?
- பெயர் வேண்டாம், கொருக்குப்பேட்டை

பதில்: அன்புச் சகோதரிக்கு, அந்த முக்கால் பக்கம் உங்களை உறுத்தியது நியாயமே. சட்டத்தைப் பிறகு பார்ப்போம். முதலில் அந்தப் பக்கம்.

சிவப்புப் பேனா எடுத்து, அதிலுள்ள வினைச்சொற்களுக்கு மட்டும் கோடு போடுங்கள். ‘முத்திப்போச்சு’, ‘கைகலப்பாச்சு’, ‘கத்தி பட்டுடுச்சு’, ‘உயிர் போயிடுச்சு’ என்றுதான் அநேகமாக வரும். ஆளே இல்லாமல் ஒரு கொலையைச் சொல்லி முடிக்கத் தமிழில் அவ்வளவு வசதி இருக்கிறது. அடுத்து, வார்டரிடம் அடிவாங்கிய பக்கத்திலும் கோடு போடுங்கள். அங்கே ‘அடித்தான்’, ‘மிதித்தான்’ என்று எல்லா வினைக்கும் ஆள் இருக்கும். வாங்கிய அடிக்கு ஆள் உண்டு, குத்திய குத்துக்கு ஆள் இல்லை என்றால், வாசகர் மூன்று நோட்டையும் நம்ப மாட்டார். கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் கடிதத்திலும் ‘தகராறில் இறந்துபோனவர்’ என்றுதான் இருக்கிறது.

அந்த ராத்திரியை அண்ணன் ‘-ஏன்’ விகுதியில் திரும்ப எழுதட்டும்: எடுத்தேன், போனேன், குத்தினேன், ஓடினேன். கத்தி எப்போது கைக்கு வந்தது என்பது முக்கியம். வீட்டிலிருந்தே இடுப்பில் செருகிக்கொண்டு போயிருந்தால், ‘திடீர்க் கோபம்’ என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை. ரத்தத்தை வர்ணிக்கத் தேவையில்லை. செய்தது தெளிவாக இருந்தால் போதும்.

பல வருடம் உள்ளே இருந்து திரும்பத் திரும்பச் சொன்ன கதை, சொல்லச் சொல்ல வழவழப்பாகிவிடும். அதனால் விசாரணை நடந்த நீதிமன்றத்தில் நகல் மனு போட்டு, தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்குங்கள். நோட்டையும் தீர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். முரண்படும் இடத்தில் ஒன்றை அடித்துவிட்டு மற்றதை வைக்காமல், ‘தீர்ப்பில் இப்படி இருக்கிறது, எனக்கு நினைவிருப்பது இது’ என்று இரண்டையும் எழுதட்டும்.

வறுமை, குடி, கூடாத சகவாசம் எல்லாம் இருக்கலாம். ஆனால் அவற்றைக் கொலைக்கு முந்தைய அத்தியாயத்தில் குவித்தால் சாக்காகத்தான் படும். அதே வீட்டில், அதே பசியில்தான் நீங்களும் வளர்ந்தீர்கள். அவற்றை இன்னும் முன்னால், வாழ்க்கையில் அவை நடந்த இடத்திலேயே வையுங்கள்.

‘திருந்திட்டேன்’, ‘புது மனுஷன் ஆயிட்டேன்’ என்ற வரிகளை எடுத்துவிடலாம். எந்த வருடம் எந்தச் சண்டைக்கு வரமாட்டேன் என்றார், யாருக்கு மனு எழுதிக்கொடுத்தார், வெளியே வந்ததும் எந்தக் கூட்டாளியின் போனை எடுக்கவில்லை என்று எழுதினால் போதும். திருந்தினாரா என்பதைப் படிக்கிறவர் சொல்லட்டும்.

இனி சட்டம். கொலை வழக்கில் மரண தண்டனை பெற்ற ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய சுயசரிதையை நக்கீரன் இதழ் வெளியிட முனைந்தபோது அதிகாரிகள் எதிர்த்தார்கள். 1994-ல் உச்ச நீதிமன்றம், அரசு முன்கூட்டியே தடுக்க முடியாது என்றது. நீதிமன்ற ஆவணம் போன்ற பொதுப் பதிவுகளில் உள்ளதை யாருடைய சம்மதமும் இல்லாமல் வெளியிடலாம். அதைத் தாண்டி ஒருவரின் சொந்த வாழ்க்கைக்குள் போனால் வழக்கு வரலாம். பாலியல் வன்முறை, கடத்தல் போன்றவற்றுக்கு ஆளான பெண்களின் பெயர் பதிவில் இருந்தாலும் வரக்கூடாது. ஆகவே, இறந்தவரின் பெயர் தீர்ப்பில் இருந்தால் போடுவதற்குத் தடையில்லை. ஆனால் ‘அவன் பெரிய ரவுடி, பொம்பளப் பொறுக்கி’ என்று குடும்பத்தின் மனம் நோக எழுதினால், இறந்தவர் விஷயத்திலும் அவதூறு வழக்கு உண்டு. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவு அதைச் சொல்கிறது.

இதைவிட ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. போலீஸிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றம் குற்றத்துக்கு நிரூபணமாக ஏற்காது. புத்தகத்தில் தானே எழுதியது சாட்சியமாக வரலாம். கொலை, கொலை முயற்சிக்குக் காலவரம்பும் இல்லை. தீர்ப்பில் இல்லாத பழைய வெட்டுக்குத்து, தப்பிய கூட்டாளியின் பெயர், இதெல்லாம் நோட்டில் இருந்தால் அச்சுக்கு முன் ஒரு கிரிமினல் வக்கீல் பார்க்க வேண்டும். முன்விடுதலை உத்தரவின் நிபந்தனைகளையும் அவரிடமே காட்டுங்கள்.

அட்டையில் கத்தியும் ரத்தமும் போடலாம், ‘வடசென்னை’ என்றால் விற்கும் என்று பதிப்பாளர் சொல்லக்கூடும். சம்மதிக்காதீர்கள். அந்த அட்டை தொங்கும் கடையைத் தாண்டித்தான் அந்த அம்மா பால் வாங்கப் போவார்.

அவரிடம் அண்ணன் நேரில் போகவே கூடாது, நீங்களும் வேண்டாம். வாசலில் வந்து நிற்பது மிரட்டலாகப் படும். இரு வீட்டுக்கும் வேண்டிய பெரியவரோ வக்கீலோ போகட்டும். மன்னிப்புக் கேட்கப் போக வேண்டாம். மன்னிக்கச் சொல்வதும் அவர் தலையில் ஒரு சுமையை ஏற்றுவதுதான். புத்தகம் வருகிறது, அந்த ராத்திரியைப் பற்றிய பக்கங்கள் இவை, உங்கள் வீட்டார் பெயர் வேண்டுமா வேண்டாமா, இவ்வளவு போதும். பிள்ளைகள் பெயர், தெரு, பள்ளி எதுவும் எப்படியும் வரக்கூடாது. கைதிகளின் கூலியில் ஒரு பங்கு பாதிக்கப்பட்டவர்களுக்குப் போகலாம் என்று 1998-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது; அதுபோல ராயல்டியில் ஒரு பங்கு தர அண்ணன் நினைத்தால், இந்தப் பேச்சோடு சேர்க்காமல் பிறகு வக்கீல் வழியாகத் தெரிவிக்கட்டும்.

அவர் வேண்டாம் என்றால் பெயரை எடுத்துவிடுங்கள், சட்டம் அனுமதித்தாலும். பதிலே வராமலும் போகலாம். இரண்டு மாதம் பொறுங்கள், மறுபடி ஆள் அனுப்பாதீர்கள். பெயரில்லாமல் அச்சுக்குக் கொடுங்கள்.