கண்ணாடி தாங்கும், மேற்பூச்சு தாங்குமா?

ஐயா, நான் மல்லாவிப் பக்கம். கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் இறுதி ஆண்டு. அணு உலைக்குள் வெப்பம் அளக்கும் கண்ணாடி இழை உணரிகள் பற்றி அறிக்கை எழுதுகிறேன். எழுதிய எட்டுப் பக்கத்தை இத்துடன் அனுப்புகிறேன். கண்ணாடி என்பதால் அது எந்தச் சூட்டையும் தாங்கும். ஆனால் நண்பர்கள், "வன்னியில் உலையா இருக்கு, உனக்கேன் இந்த வேலை?" என்கிறார்கள். இதைத் தொடரலாமா? தமிழில் என்ன தலைப்பு வைக்கலாம்?

அன்புள்ள தம்பி,

தலைப்பை உன் விரிவுரையாளரிடம் கேள். நண்பர்கள் சொல்வதற்கெல்லாம் பதில் தேட வேண்டாம். "கண்ணாடி என்பதால் எந்தச் சூட்டையும் தாங்கும்" என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியில்தான் நான் நின்றுவிட்டேன்.

என் அப்பா புதுக்குடியிருப்பில் செங்கல் சுட்டவர். சூளையை மண்ணால் பூசி மூடும்போது ஒரு சின்னத் துளை விடுவார். இரவில் அதில் கண் வைத்துப் பார்ப்பார். கொவ்வைப் பழ நிறம் என்றால் "காணாது, விறகு தள்ளு". பூசணிப்பூ நிறம் வந்தால் வாயை அடைத்துவிடுவார். ஒரு முறை காற்று மாறி அடித்து, துளைப் பக்கம் பூசணிப்பூ, மறுபக்கம் வேகவே இல்லை. பாதிக் கல் மழையில் கரைந்தது. அன்று அவர் சாப்பிடவில்லை.

நீ படிக்கிற இழை அந்தத் துளையை நீளம் முழுக்கத் திறந்து வைக்கிறது. உள்ளே அனுப்பும் ஒளியில் துளியளவு சிதறித் திரும்பும். அதிலே நிறம் மாறித் திரும்பும் ராமன் சிதறலின் இரு பகுதிகளின் விகிதம் சூட்டைச் சொல்லும், திரும்பி வரும் நேரம் இடத்தைச் சொல்லும். இதை நீ நன்றாகவே எழுதியிருக்கிறாய், சந்தோஷம்.

ஆனால் தம்பி, வெறும் கண்ணாடியையா உள்ளே விடப் போகிறாய்? 125 மைக்ரோன் தடிப்பு, மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. ஒரு கீறலும் கொஞ்ச ஈரமும் போதும், முறிந்துவிடும். அதனால்தான் மேற்பூச்சு. தொலைபேசி இழையில் இருக்கிற அக்ரிலேட் என்ற பிளாஸ்டிக் பூச்சு 85 பாகை செல்சியஸ் வரைதான். பாலியிமைட் என்ற பிளாஸ்டிக் சுமார் 300. தங்கம் பூசினால் 700 வரை போகலாம். சுமார் 1000 பாகைக்கு மேலே, இழையின் நடுவே ஒளி ஓடும் உள்கருவில் கலந்த ஜெர்மானியமே பரவிக் கலங்கத் தொடங்கும். அதற்கும் மேலே நீலக்கல் இழை, 2000 பாகை தாண்டித்தான் உருகும். அதன் முனை ஒளிர்வதைப் பார்த்தும் சூடு அளக்கிறார்கள், அப்பா பார்த்தது போலவே. உன் எட்டுப் பக்கத்தில் மேற்பூச்சு என்ற சொல்லே இல்லை! கோபம் வந்தது, மறைக்கவில்லை.

கதிர்வீச்சு வேறு கதை. அது கண்ணாடியைக் கறுக்க வைக்கும், ஒளி குறையும். தூய சிலிக்கா உள்கருவும் அதைச் சுற்றிய புளோரின் கலந்த கண்ணாடி உறையும் அதை நன்றாகத் தாங்கும். பொஸ்பரஸ் கலந்தது சீக்கிரம் கறுக்கும், அதனாலேயே கதிர்வீச்சின் அளவை அறிய அதை வைக்கிறார்கள். சூடு அந்தக் கறுப்பை ஓரளவு போக்கும் என்பதால் சூட்டையும் கதிர்வீச்சையும் தனித்தனி அத்தியாயமாகப் பிரிக்காதே.

தொடரலாமா என்று கேட்டாய். தொடரு. அதற்கு முன் ஏ9 வீதியில் பைபர் இழுக்கிற பொடியங்களிடம் ஒரு முழத் துண்டு வாங்கு. மண்ணெண்ணெய் விளக்குச் சுடரில் அரை நிமிடம் பிடி. நான் பிடித்துப் பார்த்தேன், பூச்சு கருகி உதிர்ந்தது, கண்ணாடி அப்படியே நின்றது. ஆறியதும் மெல்ல வளைத்தேன், சத்தமில்லாமல் முறிந்தது. துண்டு கண்ணில் படாமல் பார்த்துக்கொள். பிறகு அந்த எட்டுப் பக்கத்தைத் திருத்தி அனுப்பு.