கணினி கேள்வி–பதில்: குன்னூர் நிற்கிறது, கோத்தகிரி மட்டும் ஏன் போகிறது?

இந்த முறை மலையிலிருந்து வந்த நான்கு கடிதங்களும் ஆர்சிங்க் பற்றியவை என்பதால் பக்கம் முழுக்க அதற்கே. தெரியாதவர்களுக்கு: டெர்மினலில் கட்டளை தட்டி, ஒரு கணினியில் இருக்கும் ஃபோல்டரை இன்னொரு கணினியோடு ஒத்துப்போக வைக்கும் இலவச மென்பொருள் இது. ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், பால் மக்கெராஸ் இருவரும் 1996-இல் வெளியிட்டார்கள். கோப்பு மாறியிருந்தால் மாறிய பகுதியை மட்டும் அனுப்பும் என்பதால் மெதுவான இணைப்பு இருக்கிற ஊர்களில் இன்றும் இதை விட்டால் வழியில்லை. எதை அனுப்ப வேண்டும் என்பதை இன்க்ளூட் விதியாலும், எதை விட்டுவிட வேண்டும் என்பதை எக்ஸ்க்ளூட் விதியாலும் அதற்குச் சொல்லலாம். கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறேன், தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டுங்கள்.

கேள்வி: சார், லாங்வுட் சோலையில் எடுத்த மரம், செடி படங்களை வருஷம், மாதம் என்று ஃபோல்டர் பிரித்து வைத்திருக்கிறேன். கோயம்புத்தூரில் அக்கா வீட்டுக் கணினிக்கு ஜேபிஜி மட்டும் போனால் போதும், ரா கோப்பும் வீடியோவும் வேண்டாம். முதலில் '*.ஜேபிஜி' என்று இன்க்ளூட், அடுத்து '*' என்று எக்ஸ்க்ளூட் கொடுத்தேன். ஃபோல்டருக்கு வெளியே கிடந்த சில படங்கள் மட்டும் போயின, ஒரு ஃபோல்டர்கூடப் போகவில்லை. எரரும் வரவில்லை. — வாசகர், கோத்தகிரி

பதில்: எரர் வராததற்குக் காரணம், நீங்கள் சொன்னதை ஆர்சிங்க் அப்படியே செய்து முடித்திருக்கிறது. அது மேல் ஃபோல்டரில் தொடங்கி ஒவ்வொரு பெயராக எடுக்கும், ஒவ்வொரு பெயருக்கும் உங்கள் விதிகளை வரிசையாகப் பார்க்கும், முதலில் எந்த விதி பொருந்துகிறதோ அதுதான் முடிவு, அதற்குப் பிறகு வருகிற விதிகளை அந்தப் பெயருக்குப் பார்க்கவே பார்க்காது. எந்த விதியும் பொருந்தாவிட்டால் கோப்பு மறுமுனைக்கு அனுப்பப்படும். ஃபோல்டரும் அதற்கு ஒரு பெயர்தான் என்பதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். உங்கள் '2023' ஃபோல்டர் வருகிறது, அது ஜேபிஜி இல்லை, அடுத்த விதி '*', அது எதற்கும் பொருந்தும், எனவே ஃபோல்டர் தள்ளுபடி. தள்ளுபடி ஆன ஃபோல்டருக்குள் அது இறங்காது. கல்லாறு சோதனைச் சாவடியில் இ-பாஸ் இல்லை என்று சுற்றுலா பஸ்ஸைத் திருப்பிவிட்டால், உள்ளே இருந்த பயணியிடம் பாஸ் இருந்ததா என்று குன்னூரில் யார் கேட்கப் போகிறார்கள்?

எனவே ஃபோல்டர்களை முதலில் உள்ளே விடுங்கள்: --இன்க்ளூட்='*/' --இன்க்ளூட்='*.ஜேபிஜி' --எக்ஸ்க்ளூட்='*' என்ற வரிசையில். கடைசியில் சாய்கோடு உள்ள விதி ஃபோல்டருக்கு மட்டும் பொருந்தும். இப்படிச் செய்தால் வீடியோ மட்டும் இருக்கிற ஃபோல்டர்கள் வெறும் கூடாக அக்கா வீட்டில் போய் உட்காரும், அது வேண்டாம் என்றால் -எம் சேர்த்துக்கொள்ளுங்கள். கேமரா கார்டிலிருந்து நேராக வரும் படங்களில் ஜேபிஜி பெரும்பாலும் பெரிய எழுத்தில் இருக்கும், ஆர்சிங்க் பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் வேறு வேறாகவே பார்க்கும், அதனால் இரண்டுக்கும் தனித்தனி இன்க்ளூட் போடுங்கள். மேற்கோள் குறியை மறக்க வேண்டாம். எக்ஸ்க்ளூட் என்று எழுதி இடம் விட்டு வெறும் * போட்டால், ஆர்சிங்க் கைக்குப் போகும் முன்பே ஷெல் (டெர்மினலில் நீங்கள் தட்டுவதை வாங்கிப் படிக்கும் நிரல்) அந்த நட்சத்திரத்தை எடுத்து, நீங்கள் நிற்கிற ஃபோல்டரில் உள்ள எல்லாப் பெயர்களாகவும் விரித்துவிடும். முதல் பெயர் விதியாகும், மற்றதெல்லாம் அனுப்ப வேண்டிய பட்டியலில் சேர்ந்துவிடும்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். போகவில்லை என்றவுடன் விதிகளை இடம் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பதை விட்டுவிடுங்கள், அதில் ஒரு நாள் தற்செயலாகச் சரியாகிவிடும், ஏன் சரியானது என்று தெரியாது, அடுத்த மாதம் திரும்ப வரும். எது தடுத்தது என்று ஆர்சிங்க்கிடமே கேட்கலாம். கட்டளையில் -என் சேர்த்தால் ஒத்திகை மட்டும் நடக்கும், ஒன்றும் நகராது. கூடவே -விவி சேர்த்தால் இன்ன ஃபோல்டரை மறைக்கிறேன், காரணம் இன்ன விதி என்று ஒவ்வொன்றாகச் சொல்லும். 3.1.0 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு இருந்தால் --டீபக்=ஃபில்டர் என்று கொடுத்து விதி பற்றிய பேச்சை மட்டும் கேட்கலாம். உங்கள் பழைய கட்டளையை இப்படி ஓட்டியிருந்தால், '2023'-ஐத் தடுத்தது '*' என்று உடனே தெரிந்திருக்கும்.

கேள்வி: அண்ணா, 2006, 2018 இரண்டு முறை குறிஞ்சி பூத்தபோதும் எடுத்த படங்கள் 'மலை' என்ற ஃபோல்டரில் இருக்கின்றன. அதற்குள் இருக்கும் வீடியோ ஃபோல்டர் வேண்டாம் என்று '/ஹோம்/மலை/வீடியோ' என முழுப் பாதையும் எக்ஸ்க்ளூடில் கொடுத்தேன். அப்படியும் வீடியோ மொத்தமும் போய்க்கொண்டே இருக்கிறது. — வாசகி, கொடைக்கானல்

பதில்: முன்னால் இருக்கும் சாய்கோடு கணினியின் வேரைக் குறிக்காது அம்மா, நீங்கள் அனுப்பும் தொகுப்பின் வேரைக் குறிக்கும். அந்த வேர் எது என்பது அனுப்பும் ஃபோல்டரை எப்படி எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. '/ஹோம்/மலை/' என்று கடைசியில் சாய்கோடு போட்டு அனுப்பினால் வேர் மலைக்குள்ளே இருக்கிறது, விதி '/வீடியோ/'. அந்தச் சாய்கோடு இல்லாமல் '/ஹோம்/மலை' என்று அனுப்பினால் மலையும் தொகுப்பில் ஒரு பெயர், விதி '/மலை/வீடியோ/'. நேற்று வேலை செய்த விதி இன்று செய்யவில்லை என்றால் முதலில் இந்தச் சாய்கோட்டைத்தான் பாருங்கள். எந்த ஆழத்தில் இருந்தாலும் வீடியோ என்ற பெயருள்ள ஃபோல்டர் வேண்டாம் என்றால் முன் சாய்கோடே இல்லாமல் 'வீடியோ/' போதும்.

பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வரும் பூ. இவற்றை இழந்தால் 2030 வரை காத்திருக்க வேண்டும், அப்போதும் 2006-இன் படம் திரும்ப வராது. தயவுசெய்து இன்னொரு பிரதியும் எடுத்து வேறு வீட்டில் வையுங்கள்.

கேள்வி: பள்ளிக் கணினியிலிருந்து வெளி வட்டுக்கு, இங்கே இல்லாததை அங்கேயும் அழிக்கும் --டெலீட் சேர்த்து ஆர்சிங்க் ஓட்டுகிறேன். எம்பி4 எல்லாம் இப்போது எக்ஸ்க்ளூட். ஆனால் முன்பே வட்டில் ஏறிவிட்ட எம்பி4 அழியாமல் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. — ஆசிரியர், கூடலூர்

பதில்: எக்ஸ்க்ளூட் செய்ததை அனுப்பாது, மறுமுனையில் இருந்தால் அழிக்கவும் செய்யாது, இரண்டும் சேர்ந்ததுதான் அந்த விதி. அழியவும் வேண்டும் என்றால் --டெலீட்-எக்ஸ்க்ளூடட் இருக்கிறது, ஆனால் அது எக்ஸ்க்ளூட் பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் அழிக்கும், அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எம்பி4-க்கு மட்டும் எக்ஸ்க்ளூடை எடுத்துவிட்டு --ஃபில்டர்='ஹைட் *.எம்பி4' என்று போடுங்கள். அனுப்பும் பக்கம் மறையும், வட்டில் பாதுகாப்பு இருக்காது, டெலீட் அதைத் துடைத்துவிடும். முதலில் -என் போட்டு, அழியப்போகும் பட்டியலை முழுசாகப் படியுங்கள்.

கேள்வி: எங்கள் ஸ்டுடியோவில் பழைய மேக். ஊர்ப் பெயரில் தமிழிலேயே ஃபோல்டர்கள். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் நான்கும் போக வேண்டாம் என்று லினக்ஸ் கணினியில் பட்டியல் தட்டி, அந்தப் பட்டியல் கோப்பை விதிகளாக எடுத்துக்கொள்ளும் --எக்ஸ்க்ளூட்-ஃப்ரம் கொடுத்தேன். ஊட்டியும் குன்னூரும் நிற்கின்றன. கோத்தகிரியும் கொடைக்கானலும் போகின்றன. எழுத்துப் பிழை இல்லை, எல்லோரிடமும் காட்டிவிட்டேன். — வாசகர், ஊட்டி

பதில்: பிழை கண்ணுக்குத் தெரியாது. கணினி எழுத்துகளைக் குறிகளாகச் சேமிக்கும் முறையான யூனிகோடில் 'கோ' எழுத இரண்டு வழி உண்டு. 'ோ' என்பதை ஒரே குறியாக வைக்கலாம், அல்லது இரட்டைக் கொம்பு தனி, துணைக்கால் தனி என்று இரண்டு குறிகளாக வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். விசைப்பலகையில் தட்டினால் பொதுவாகச் சேர்ந்த குறி வரும், பழைய மேக்கின் எச்எஃப்எஸ்+ வட்டோ கோப்புப் பெயர்களைப் பிரித்துத்தான் வைக்கும். ஆர்சிங்க் விதியையும் பெயரையும் பைட் பைட்டாக ஒப்பிடுகிறது, எனவே அதற்கு அவை இரண்டு வேறு ஊர்கள். ஊட்டியிலும் குன்னூரிலும் பிரிகிற குறியே இல்லை, அதனால் தப்பின. ொ, ோ, ௌ, அப்புறம் ஔ என்ற எழுத்து, இவை வருகிற பெயர்களில் மட்டும் இந்தத் தொல்லை.

உறுதி செய்துகொள்ள மேக்கில் எல்எஸ் -டி *தகிரி என்று கொடுத்து, விடையை, பைட்டுகளை எண்ணிச் சொல்லும் டபிள்யூசி -சி-க்கு | குறி போட்டுத் தள்ளுங்கள். சேர்ந்த குறி என்றால் வரி முடிவோடு 28 பைட், பிரிந்தது என்றால் 31.

மறுமுனையில் பெயர் சரியாக இறங்குவதற்கு மேக்கிலிருந்து --ஐகான்வ்=யுடிஎஃப்-8-மேக்,யுடிஎஃப்-8 கொடுக்கலாம். பழைய மேக்குகளோடு வரும் 2.6.9 பதிப்பில் இந்த வசதி இல்லை, 2008-இல் வந்த 3.0.0 முதல்தான், எனவே புதிய பதிப்பை நிறுவ வேண்டும். ஆனால் இது உங்கள் பட்டியலைக் காப்பாற்றாது: ஐகான்வ் கோப்புப் பெயர்களை மாற்றும், விதிகளைத் தொடாது. விதியை நீங்களே இரண்டுக்கும் பொருந்துவது போல எழுத வேண்டும். 'க*த்தகிரி/', 'க*டைக்கானல்/' என்று, தகராறான குறி இருக்கும் இடத்தில் நட்சத்திரம் போடுங்கள். கேள்விக்குறி போட்டால் நடக்காது, அது ஒரு பைட்டுக்குத்தான் பொருந்தும், ஒரு தமிழ்க் குறியோ 3 பைட். நட்சத்திரம் வேறு ஏதாவது ஃபோல்டரையும் சேர்த்துப் பிடிக்கிறதா என்பதை -என் -விவி போட்டு ஒரு முறை பார்த்துவிட்டு, அப்புறம் உண்மையான கட்டளையை ஓட்டுங்கள்.