குழியும் கிணறும்: வாசகர் கேள்வி

கேள்வி: மாரியில் எங்கள் ஊர் மலசலகூடக் குழிகள் நிரம்பி, கிணற்றுத் தண்ணீரும் நாறுகிறது. பிரதேச சபையில் "நிதி இல்லை" என்கிறார்கள். உரிமையாகக் கேட்க முடியுமா?
– வாசகி, வாழைச்சேனை

பதில்: தாராளமாக. ஐ.நா. பொதுச்சபை 2010 ஜூலை 28இல் குடிநீரையும் சுகாதார வசதியையும் மனித உரிமையாக ஏற்றது; 2015 டிசம்பரில் சுகாதார வசதியைத் தனி உரிமையாகவே பிரித்துச் சொன்னது. ஆனால் தீர்மானத்தை மட்டும் வாசித்துக் காட்டினால் தலையாட்டி அனுப்பிவிடுவார்கள்.

மார்கழி, தையில் வீடு வீடாக அளவுநாடாவோடு போங்கள். குழிக்கும் கிணற்றுக்கும் இடைத்தூரம், நிலமட்டத்திலிருந்து தண்ணீர் எத்தனை மீற்றர் கீழே, குழியின் ஆழம் – மூன்றையும் எழுதுங்கள். இடைத்தூரம் 15 மீற்றருக்குக் குறைந்தாலோ, குழியின் அடிக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே 1.5 மீற்றர் இல்லாவிட்டாலோ ஊர் வரைபடமொன்றில் அந்த வீட்டுக்குச் சிவப்புப் புள்ளி வையுங்கள். நம் கரையோர மணலில் குழியை ஆழமாக்குவதுதான் பெரிய பிழை. குழியின் அடிப்பகுதி நேரே நிலத்தடி நீருக்குள் இறங்கிவிடும். கேட்க வேண்டியது உயர்த்திக் கட்டிய, அடி பூசிய இரண்டு அறைத் தொட்டியும் மேட்டு ஊறலும் (தொட்டிக் கழிவுநீர் வடிந்து ஊற உயர்த்திய மண்மேடு).

கிணற்று நீர்ப் பரிசோதனைக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் எழுதிக் கொடுங்கள். சோடாப் போத்தலில் அள்ளிய மாதிரி செல்லாது. கிருமி நீக்கிய போத்தல் வேண்டும், குளிரில் வைத்து அன்றே ஆய்வுகூடம் சேர வேண்டும்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி சபையிடம் கேளுங்கள்: மலசலகூடத்துக்குப் போன வருடம் எவ்வளவு ஒதுக்கினீர்கள், எவ்வளவு செலவழித்தீர்கள்? "ஏன் செய்யவில்லை" என்று கேட்டால் மழுப்பலாகத்தான் பதில் வரும். ஒப்புகைச் சீட்டை வாங்காமல் திரும்பாதீர்கள். 14 வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்று சபை முடிவு சொல்ல வேண்டும். வரைபடத்தோடு மனுவை ஆவணியிலேயே கொடுங்கள். அடுத்த வருடப் பாதீடு ஆண்டு முடியுமுன் நிறைவேறிவிடும்.