அம்மாவுக்கு 78 வயது, கீமோ வேண்டாம் என்கிறார்கள்

கேள்வி: என் அம்மாவுக்கு 78 வயது. சிங்கப்பூரில், ஈசூனில் என்னோடு இருக்கிறார். இடது மார்பில் 1.8 சென்டிமீட்டர் கட்டி, பயாப்சியில் புற்றுநோய் என்று வந்துவிட்டது. அறிக்கையில் ஈஆர் 95%, பிஆர் 60%, ஹெர்2 2+, ஃபிஷ் நெகட்டிவ், கேஐ-67 12% என்று இருக்கிறது. அக்குளில் நெறிகட்டி தெரியவில்லை. ஆபரேஷன் செய்துவிட்டு மாத்திரை கொடுக்கலாம், கீமோ தேவைப்படாது என்கிறார் டாக்டர். சென்னையில் இருக்கும் அண்ணனோ, "வயசானவங்கன்னு கை கழுவுறாங்க, சிஏ 15-3 ரத்தப் பரிசோதனையாவது எடுக்கச் சொல்லு" என்கிறார். அம்மாவிடம் நீர்க்கட்டி என்று சொல்லி வைத்திருக்கிறோம். நாங்கள் செய்வது சரியா? எனக்கு 52 வயது.

பதில்: அண்ணனின் கோபத்தை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். வயதைக் காரணம் காட்டிச் சிகிச்சையைக் குறைப்பது பல நாடுகளிலும் நடக்கிற விஷயம்தான். ஆனால் உங்கள் டாக்டர் அப்படிச் செய்ததாகத் தெரியவில்லை. அவர் அறிக்கையைப் படித்துவிட்டுத்தான் பேசியிருக்கிறார். நீங்களும் ஒருமுறை சேர்ந்து படித்துவிடுங்கள்.

பிஆர் என்பது புரோஜெஸ்ட்ரோன் ஹார்மோனின் ஏற்பி, ஈஆர் என்பது ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனின் ஏற்பி. கட்டியின் செல்களில் இருக்கும் இந்தப் புரதத்தில் ஈஸ்ட்ரோஜன் ஒட்டிக்கொண்டால் செல் பெருகும். 1 சதவீதச் செல்களில் இருந்தாலே பாசிட்டிவ் என்பார்கள். அம்மாவுக்கு 95. அதாவது கட்டி கிட்டத்தட்ட முழுக்க ஹார்மோனை நம்பியே வளர்கிறது, அந்த ஹார்மோனை நிறுத்தினால் கட்டிக்குத்தான் கஷ்டம். வயது கூடக் கூட இப்படி ஈஆர் பாசிட்டிவாக வரும் கட்டிகளே அதிகம், ஹெர்2 (செல்லைப் பெருகத் தூண்டும் இன்னொரு புரதம்) பாசிட்டிவும், ஈஆர், பிஆர், ஹெர்2 மூன்றும் நெகட்டிவாக இருக்கும் வகையும் குறைவு. குறைவுதான், இல்லாமல் போவதில்லை. அதனால்தான் எந்த வயதிலும் இந்தப் பரிசோதனையை விடக்கூடாது.

மாதவிடாய் நின்று கால் நூற்றாண்டு ஆனவருக்கு ஈஸ்ட்ரோஜன் எங்கிருந்து வரும் என்று நினைப்பீர்கள். அட்ரினல் சுரப்பியிலிருந்து வரும் வேறு ஹார்மோன்களை, கொழுப்பிலும் தசையிலும் இருக்கும் அரோமட்டேஸ் என்ற நொதி ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டே இருக்கும். லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் மாத்திரைகள் அந்த நொதியைத்தான் தடுக்கின்றன. பெரும்பாலும் அம்மாவுக்கு இவற்றில் ஒன்றைத்தான் தருவார்கள், குறைந்தது 5 வருடத்துக்கு.

ஹெர்2 2+ என்பது ரெண்டுங்கெட்டான் நிலை. அதைத் தீர்க்கத்தான் ஹெர்2 மரபணுவையே எண்ணிப் பார்க்கும் ஃபிஷ் பரிசோதனை செய்தார்கள், நெகட்டிவ் என்று வந்துவிட்டது. ஆகவே ஹெர்2ஐத் தாக்கும் டிராஸ்டுசுமாப் ஊசி வேண்டியதில்லை. கேஐ-67 செல்கள் எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்பதற்கான குறி. 5க்குக் கீழே, 30க்கு மேலே என்றால் தெளிவாகச் சொல்லலாம். நடுவில் இருக்கும் எண்ணை லேபுக்கு லேப் வேறு மாதிரிகூடப் படிப்பார்கள், 12ஐ வைத்துக்கொண்டு யாரோடும் சண்டை போட வேண்டாம்.

இப்போது கீமோ. 2018இல் வெளிவந்த டெய்லர்எக்ஸ் ஆய்வு, அம்மாவுடையதைப் போன்ற கட்டி இருந்து நெறிகட்டியில் பரவாத பெண்களைப் பார்த்தது. 50 வயதைத் தாண்டியவர்களில், நோய் திரும்பும் அபாயத்தைக் கட்டியின் 21 மரபணுக்களை வைத்துக் கணிக்கும் பரிசோதனையில் 25 மதிப்பெண் வரை வந்தவர்களுக்குக் கீமோவால் கூடுதல் பலன் இல்லை. அந்த ஆய்வில் 75 வயது வரைதான் சேர்த்தார்கள் என்று அண்ணன் மடக்கலாம். 70 தாண்டியவர்களை மட்டுமே வைத்து பிரான்சிலும் பெல்ஜியத்திலும் நடந்த ஆஸ்டர் 70எஸ் ஆய்வையும் சொல்லிவிடுகிறேன். அதில் மரபணு அளவில் வேகமான கட்டி என்று தெரிந்தவர்களுக்கே கீமோ கொடுத்துப் பார்த்தும் ஆயுள் குறிப்பிடும்படி கூடவில்லை, பக்கவிளைவுகள்தான் கூடின.

சிஏ 15-3 பேச்சை விட்டுவிடுங்கள். ஆரம்ப நிலை மார்பகப் புற்றுநோயில் அது பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும், சிகிச்சை முடிவு எதையும் மாற்றாது.

அண்ணனின் கோபத்தை வேறு பக்கம் திருப்பலாம். நாளைக்கு யாராவது "வயசாயிடுச்சு, ஆபரேஷன் வேண்டாம், மாத்திரை மட்டும் போதும்" என்றால் அப்போது கோபப்படட்டும். உடம்பு தாங்கும் என்றால் அறுவைசிகிச்சையை விடக்கூடாது. மாத்திரையை மட்டும் நம்பினால் கொஞ்ச காலத்துக்குப் பிறகு கட்டி அதே இடத்தில் மறுபடி வளர வாய்ப்பு அதிகம். தாங்குமா என்பதையும் பிறந்த வருடத்தைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது. ஜி8 என்று எட்டுக் கேள்விகள் கொண்ட ஒரு சின்னப் பரிசோதனை உண்டு. 17க்கு 14 அல்லது அதற்குக் கீழே வந்தால் முதியோர் மருத்துவரிடம் விரிவாகப் பார்க்க வேண்டும். அதைச் செய்தீர்களா என்று கேளுங்கள். பலதுறை மருந்தகத்தில் அம்மா வாங்கும் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

கட்டியை மட்டும் எடுத்தால், பிறகு ரேடியேஷன் வேண்டுமா என்பதையும் பேசலாம். பிரைம் 2 ஆய்வில் 65 வயதுக்கு மேற்பட்ட, நெறிகட்டியில் பரவாத, ஹார்மோன் பாசிட்டிவ் பெண்களில் ரேடியேஷன் எடுக்காதவர்களில் 9.5 சதவீதம் பேருக்கும், எடுத்தவர்களில் 0.9 சதவீதம் பேருக்கும் 10 வருடத்தில் அதே மார்பில் நோய் திரும்பியது. ஆனால் உயிரோடு இருந்தவர்கள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய 81 சதவீதம்தான். நான் ஒரு பக்கம் சாய மாட்டேன். சில வாரம் தினமும் மருத்துவமனைக்கு அலைவது அம்மாவுக்கு எவ்வளவு பாரம் என்பது அவருக்குத்தான் தெரியும். ஒன்று மட்டும்: ரேடியேஷனை விட்டால் மாத்திரையை ஒழுங்காக விழுங்கியே ஆக வேண்டும்.

அந்த மாத்திரை எலும்பைத் தேய்க்கும், மூட்டு வலியும் தரலாம். ஆரம்பிக்கும் முன்பே எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள். வலிக்கிறது என்று சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடும் பாட்டிமார் நிறையப் பேர். அதற்குப் பதில் வேறு மாத்திரை உண்டு, சொன்னால்தான் தருவார்கள். செலவைப் பொறுத்தவரை மருத்துவமனையின் மருத்துவச் சமூக சேவையாளரைப் பாருங்கள். மெடிஷீல்டு லைஃப் காப்பீடு, மெடிசேவ் மருத்துவச் சேமிப்பு, மூத்தவர்களுக்கான முன்னோடித் தலைமுறைச் சலுகை எது எதற்குப் பொருந்தும் என்று அவரே எழுதித் தருவார்.

சரி, நீர்க்கட்டி. இது எனக்குச் சரியாகப் படவில்லை. நீர்க்கட்டிக்கு யாராவது 5 வருடம் தினமும் மாத்திரை சாப்பிடுவார்களா? ஆபரேஷன் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடப்போவது அம்மா. வார்டில் தாதி ஒருவர் வாய்தவறிச் சொல்லி, அப்படித் தெரிந்துகொண்டால் எப்படி இருக்கும்? தமிழ் பேசும் தாதியோ டாக்டரோ இருந்தால் ஏற்பாடு செய்யச் சொல்லிக் கேளுங்கள். அதற்கு முன் வீட்டில், "அம்மா, ரிப்போர்ட் வந்துடுச்சு. எல்லாத்தையும் சொல்லட்டுமா, இல்ல டாக்டரே சொல்லட்டுமா?" என்று நீங்களே கேட்டுவிடுங்கள். பல தாய்மாருக்கு இதற்குள் பாதி தெரிந்திருக்கும், பிள்ளைகளுக்காகத்தான் தெரியாதது போல் இருப்பார்கள்.

அப்புறம், கடிதத்தின் கடைசியில் உங்கள் வயதைப் போட்டிருக்கிறீர்கள். அம்மாவுக்கு இந்த வயதில் வந்தது, அதுவும் ஈஆர் பாசிட்டிவ் என்பதால், பரம்பரை மரபணுக் கோளாறாக இருக்கும் வாய்ப்பு குறைவு. சித்தி, பாட்டி என்று வேறு யாருக்காவது சின்ன வயதில் வந்திருந்தால் மட்டும் டாக்டரிடம் சொல்லுங்கள். 50 முதல் 69 வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மேமோகிராம் எடுக்கச் சொல்கிறார்கள். நீங்கள் கடைசியாக எப்போது எடுத்தீர்கள்?