வாசகர் கேள்விகள்: கொரிய அலையும் கொரிய அரசும்

கேள்வி: பிடிஎஸ் (BTS) என்ற இசைக்குழுவின் பாடல்களும் கொரியத் தொடர்களும் உலகெங்கும் பரவியதற்குத் தென்கொரிய அரசு பணத்தைக் கொட்டியதே காரணம் என்று என் அலுவலக நண்பர் அடித்துச் சொல்கிறார். அது உண்மையா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: அரசு பணம் கொடுத்தது உண்மைதான். ஆனால் அந்தப் பணத்தைக் காட்டிலும், தணிக்கையிலிருந்து அரசு விலக நேர்ந்ததுதான் கலைக்குக் கிடைத்த பெரிய உதவி என்பேன். ராணுவ ஆட்சிக் காலத்திலிருந்தே பாடல் வரிகளும் திரைக்கதைகளும் அதிகாரிகளின் பார்வைக்குப் போய் வந்த பிறகே மக்களை அடைய முடிந்தது. பாடல்களுக்கான முன்தணிக்கை 1996 ஜூனில் நீங்கியது. அதே ஆண்டு அக்டோபரில், திரைப்படங்களை முன்கூட்டியே தணிக்கை செய்வது அரசமைப்புக்கு முரணானது என்று அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிற்காலக் கொரியப் படங்களில் நாம் வியக்கும் துணிச்சலுக்கு இந்தத் தீர்ப்பு இல்லாமல் இடமே இருந்திருக்காது.

பணத்தின் கதை 1994இல் தொடங்குகிறது. 'ஜுராசிக் பார்க்' என்ற ஒரே படத்தின் வருவாய் 15 லட்சம் ஹூண்டாய் கார்களை ஏற்றுமதி செய்வதற்குச் சமம் என்று அதிபரின் அறிவியல் ஆலோசனைக் குழு ஓர் அறிக்கை அளித்தது. கார் விற்றே வளர்ந்த நாட்டுக்கு இதைவிட உறைக்கும் ஒப்பீடு வேறு கிடைத்திருக்காது. 1997 இறுதியில் நிதி நெருக்கடி வந்து, சர்வதேச நாணய நிதியத்திடம் கடன் கேட்க நேர்ந்தபின், 1998இல் பதவியேற்ற அதிபர் கிம் டே-ஜங் பண்பாட்டைத் தொழிலாகவே கருதி, 1999இல் அதற்கெனத் தனிச் சட்டம் கொண்டுவந்தார். அதிவேக இணையம் வீடுகளுக்குப் பரவியதும் ஏறக்குறைய இதே காலத்தில்தான். 2005இல் அரசு தொடங்கிய நிதியமைப்பின் ஏற்பாடு இன்னும் நுட்பமானது: அரசு முதல் போடுகிறது, முதலீட்டு நிறுவனங்கள் அதைப் பெற்று, தனியார் பணத்தையும் சேர்த்து, எந்தப் படத்தில் போடுவது என்று தாமே தீர்மானிக்கின்றன.

கே-பாப் எனப்படும் கொரியப் பாப் இசையைப் பொறுத்தவரை அரசின் பங்கு இன்னும் குறைவு. சிறுவயதிலேயே ஆள் தேர்ந்து, ஆண்டுக்கணக்கில் ஆடவும் பாடவும் பழக்கும் முறையை லீ சூ-மானின் எஸ்எம் போன்ற தனியார் நிறுவனங்களே தம் செலவில் உருவாக்கின. ஏறத்தாழ 5 கோடி மக்களே உள்ள உள்நாட்டுச் சந்தை போதாததால் அவை வெளிநாட்டை நாடின. பிடிஎஸ் 2013இல் அறிமுகமானபோது அதன் நிறுவனம் சிறியது. அதைத் தூக்கி நிறுத்தியவர்கள் சமூக ஊடகங்களில் திரண்ட ரசிகர்களே.

கேள்வி: கலையை வளர்த்த அதே அரசு கலைஞர்களைப் பழிவாங்கியதாகவும் படித்தேனே?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். அதிபர் பார்க் குன்-ஹே ஆட்சியில், எதிர்க்கட்சியை ஆதரித்தவர்கள், 2014 செவோல் கப்பல் விபத்து குறித்த அறிக்கைகளில் கையெழுத்திட்டவர்கள் என 9,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள், அரசு உதவி மறுக்கப்பட வேண்டியவர்களின் கறுப்புப் பட்டியலில் இருந்தன. இது தொடர்பாகப் பண்பாட்டு அமைச்சர் சோ யூன்-சன் 2017 ஜனவரியில் பதவியில் இருக்கும்போதே கைதானார். மானியம் வழங்கும் கைக்கு அதை மறுக்கும் பலமும் உண்டு என்பதை அரசு நிதியை மட்டுமே புகழ்வோர் மறந்துவிடுகிறார்கள். அந்தப் பட்டியலில் இருந்த இயக்குநர் பாங் ஜூன்-ஹோ எடுத்த 'பாரசைட்', 2020இல் 4 ஆஸ்கர் விருதுகளைப் பெற்றது.

கேள்வி: பிடிஎஸ் உறுப்பினர்களுக்குக் கட்டாய ராணுவச் சேவையில் விலக்கு தரப்பட்டதா?
– மாணவி, மதுரை

பதில்: இல்லை. ஒலிம்பிக் பதக்கம் வென்றவர்களுக்கும் குறிப்பிட்ட செவ்வியல் இசைப் போட்டிகளில் வென்றவர்களுக்கும் உள்ள சலுகை, பாப் பாடகர்களுக்கு இல்லை. 2020 டிசம்பரில் திருத்தப்பட்ட சட்டம், 30 வயது வரை சேவையைத் தள்ளிப்போட மட்டுமே வழிசெய்தது. மூத்தவரான ஜின் 2022 டிசம்பரில் ராணுவத்தில் சேர்ந்தார். 2025 ஜூனுக்குள் ஏழு பேரும் சேவையை முடித்துவிட்டார்கள்.